விளிம்பில் முடிந்த தட்டு

பிழை பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். மற்றவர்களுடைய பிழையைத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தை வாங்கி வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அதிலும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அது வெளிநாட்டுச் சாமான் அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றில் செய்தது. தையல் மெசின் மோட்டர், தேக்குப் பெட்டி, பித்தளைக் கை. கையின் நுனியிலுள்ள ஊசி, சுழலும் தட்டின் கறுப்பு வார்னிஷில் குரலைக் கோடாகக் கீறிக்கொண்டு போகும். கையை நகர்த்துவது ஒரு நீண்ட திருகாணி. எனக்குத் தெரிந்த இசைத்தட்டுகளெல்லாம் விளிம்பில் தொடங்கி நடுவில் முடிபவை. இந்தத் திருகாணியோ கையை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளியது. செய்தவனுக்கு இடமும் வலமும் தெரியவில்லை என்று சிரித்தேன். திருகாணியைச் சுழற்றும் பெல்ட்டைக் குறுக்காக மாட்டித் ‘திருத்தியும்’ விட்டேன். அப்படியொரு பட்டறை இருந்ததே இன்று எவருக்கும் தெரியாது என்பதால், போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையடித்தேன். கதை மேல்மாடிக்கும் ஏறிவிட்டது.

போன ஆவணியில் ஒரு பின்னேரம் மேல்மாடி அக்கா கதவைத் தட்டினார். அறுபது தாண்டியவர், தனியாக இருப்பவர். பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, என்ர அப்பா அந்தப் பட்டறையிலதான் வேலை செய்தவர். மெசினை ஒருநாள் வீட்டை கொண்டுவந்து பேசிப் பதிஞ்சவராம். எனக்கு ஆறு மாசத்திலயே அவர் செத்துப்போனார். அவற்ர குரல் எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது.”

“இவ்வளவு காலமும் போட்டுக் கேக்கேல்லையா?”

“அம்மா இருக்குமட்டும் தொட விடேல்லை. நான் ஒரே பிள்ளை. இனி நான் கேக்காட்டி ஆர் கேக்கிறது?”

வார்னிஷ் வெடித்துக் கிடந்தது. ஒருமுறை தாங்கும், இரண்டாவது முறைக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னேன். ஊசி நிற்கிறதா என்று முதலில் விளிம்பில் ஒரு கணம் பார்ப்போம், பிறகு கம்பியூட்டரில் பதியலாம் என்பது என் கணக்கு. வெட்டும் மெசினில் அல்ல, பாட்டுக் கேட்கிற என் பிளேயரில் தட்டைப் போட்டு, விளிம்பில் ஊசியை வைத்தேன்.

இரைச்சல். அதற்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், ஓர் ஆண்குரல்.

“பிள்ளை எழும்பிட்டாள்.”

தட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. “பிள்ளை எழும்பிட்டாள்.” மறுபடியும் அதே சொற்கள், அதே மூச்சு. ஊசி உள்ளே நகரவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் போய் யன்னல் அதிர்ந்தபோதும் குரல் கலையவில்லை. எனக்குப் புல்லரித்தது. அக்காவைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்வதுபோல் அந்தக் குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஊசியடியில் கறுப்புத் தூள் சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றும் அந்தச் சொற்களைச் சுரண்டுகிறது என்பது எனக்குத் தெரியும். ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டாதேங்கோ!”

என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்றிருந்தன. நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பயத்தோடு பயமாக எனக்கும் இன்னொருமுறை கேட்க வேண்டியிருந்தது. குரல் கரகரத்துத் தேய்ந்து, சுவருக்கு அப்பால் யாரோ மூச்சுவிடுவது போலான பிறகுதான் ஊசியைத் தூக்கினேன்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. வெட்டும்போது வார்னிஷ் நூல்போலச் சீவிக்கொண்டு எழும். அந்தச் சீவல் எப்போதும் நடுப்பக்கமாகவே சுருளும். விளிம்பிலிருந்து வெட்டினால் ஊசி அதற்குள்ளேயே போய்ச் சிக்கும். நடுவிலிருந்து வெட்டினால் சிக்காது. பட்டறைக்காரர்கள் தெரிந்தேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தத் தட்டும் நடுவில் தொடங்கி விளிம்பில் முடிவது. பேசி முடிக்கிற நேரத்தில் அவர் திருகாணியை விடுவித்திருக்கிறார். கை நகராமல் நிற்க, கடைசிக் கோடு வட்டமாக மூடிக்கொண்டுவிட்டது. நான் ஊசியை வைத்தது அந்த வட்டத்தில்.

கம்பியூட்டரைப் போட்டு, நடுவில் ஊசியை வைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்த தன் தாயோடு, கடிதம் எழுதுவதுபோல், அவர் கதைத்தார். மழை விடவில்லை, களனி ஆறு பெருகிவிட்டது, கொலன்னாவையிலிருந்து வருகிற கூட்டாளிக்குக் காய்ச்சல், கோயில் தேருக்கு எப்படியும் வருவேன். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் பேச்சை நிறுத்தித் திரும்புவது கேட்டது.

பிறகு வெறும் இரைச்சல். சுற்றிச் சுற்றி அதுவேதான்.

“நான்தான் அழிச்சுப்போட்டன், அக்கா.” வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அவர் என்னை ஏசவில்லை. சிணுங்கியது தானென்பதைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“தம்பி, அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே?”

“ஓம்.”

“எனக்கு இப்பவே மறக்குது. அவர் சொன்ன மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர் தலையை ஆட்டினார்.

“இல்லைத் தம்பி. அவர் சந்தோசமாச் சொன்னவர்.”

மறுபடியும் சொன்னேன்.