மீன்கடை விளம்பரத்தில் என் குரல்

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் கோப்பியோடு நிற்கிறேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் சிவம் அண்ணை! ஒரு காலத்தில் அதே பிளாசாவில் மீன்கடை வைத்திருந்தவர். இப்போது அஜக்ஸில் மகனோடு இருக்கிறார்.

"தம்பி, உம்மட்டை எங்கட ரேடியோ விளம்பரக் கசெற் கிடக்கோ? பதிஞ்ச அண்டைக்கு மனிசியும் கதைச்சவவெல்லோ. அவவின்ரை குரலை ஒருக்காக் கேக்கோணும்."

அவர் மனைவி ராணி அக்கா இறந்து பன்னிரண்டு வருடம்.

"வீட்டில வீடியோ இருக்குமே அண்ணை?"

"கிடக்கு, கிடக்கு. கலியாணம், சாமத்தியவீடு, பேர்த்டே... எல்லாத்திலயும் அவ வாய் அசைக்கிறா. கேக்கிறது சினிமாப் பாட்டு! குரல் எனக்கு மறந்துகொண்டு வருது, தம்பி."

"தேடிப் பாக்கிறன் அண்ணை" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் தெரியுமா?

தமிழ் வானொலி கேட்பதற்கென்றே வீட்டுக்கு வீடு தனிப் பெட்டி வாங்கி வைத்திருந்த காலம் அது. அந்த வானொலிக்கு விளம்பரம் எழுதுவதும் நான், பேசுவதும் நான். என் குரலில் எனக்கு அப்படியொரு மயக்கம்! "இந்த முறை மனிசி சொல்லட்டும்" என்றார் அண்ணை. கடையின் பின்னறையில் அக்கா முன்னால் மைக்கை நீட்டினேன். ஒரே ஒரு வரிதான்.

"விளைமீன் வந்திட்டுது, கெதியா வாங்கோ!" — சொல்லி முடிக்க முன்னமே சிரித்துவிட்டார்.

"அக்கா, சிரிக்காமல் சொல்லுங்கோ. இது விளம்பரம்."

"நீர் உப்பிடி முறைச்சுக்கொண்டு நிண்டா எனக்குச் சிரிப்பு வராதே?"

நாலு தரம் முயன்றோம். நாலு தரமும் சிரிப்பு. எனக்குப் பொறுமை போய்விட்டது. கசெற்றைப் பின்னால் ஓட்டி, அவர் சிரிப்பின் மேலேயே என் கம்பீரக் குரலைப் பதிந்தேன். புதுக் கசெற் ஒன்று எடுத்திருந்தால் என்ன, குடியா முழுகிப் போயிருக்கும்?

ஆனாலும் ஒரு நப்பாசை... எங்காவது ஒரு துண்டுச் சிரிப்புத் தப்பியிருக்காதா? பேஸ்மென்டைக் கிளறிக் கசெற்றைக் கண்டுபிடித்து, மறுநாளே அஜக்ஸுக்குக் கொண்டுபோனேன். அண்ணை கசெற்றைப் போட்டு, காதைக் கசெற் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டார். "மீன் பிரியர்களே!" என்று முழங்கினேன் நான். பிறகு வெறும் இரைச்சல். மற்றப் பக்கத்தையும் திருப்பிப் போட்டார். அதிலும் நான்தான் — காப்புறுதி விளம்பரம்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருக்கலாம் மனுஷன். திட்டவில்லை. கசெற்றைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"உம்மட குரல் நல்ல கிளியராக் கிடக்கு, தம்பி."

குரலுக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டவன் நான். இதை மட்டும் வாங்க முடியவில்லை.