கையை எடுங்க, ஓதகார்

பிர்னோ நகரத்தில் ரதோவானின் பிழைப்பே கணினியைத் தூங்க வைப்பதுதான். வேலை இல்லாத நேரத்தில் அதன் மூளையான ப்ராசஸர் கண்ணயர்ந்தால் மின்சாரம் மிச்சம். எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று அதற்குச் சொல்வது கெர்னல் என்னும் அடித்தள நிரல். அதில்தான் அவன் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறான். "ஊர்ப்பட்ட மெஷினைத் தூங்க வைக்கிற, பெத்த பிள்ளையத் தூங்க வைக்கத் தெரியல" என்று வீட்டுக்காரி குத்திக் காட்டுவாள். சில ப்ராசஸர்களுக்குப் பிறவியிலேயே கோணல் இருக்கும். செய்தவர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அனுசரித்துப் போக வழி பண்ணுவது இவன் தலையில் விடியும்.

அப்படித்தான் ஓதகாரின் புகார் வந்தது. அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஸ்லாவ்காவுக்கு நரம்பு நோயில் பேச்சு போய்விட்டது, ஒரு விரல் மட்டும் அசையும். அந்த விரலால் பொத்தானை அழுத்தி எழுத்து எழுத்தாகக் கோத்தால் மடிக்கணினி அவளுக்காகப் பேசும். ஆனால் சற்று நேரம் அழுத்தாமல் யோசித்தால் போதும், கணினி உறைந்துவிடும். உள்ளூர்தானே என்று ரதோவான் நேரிலேயே போனான்.

இரண்டு முறை போயும் கோளாறு தலைகாட்டவில்லை. அடுத்த முறைதான் கவனித்தான். பேசிக்கொண்டே ஓதகார் மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தார், ஒரு நிமிஷம் விடவில்லை. அந்த ஆட்டத்தில் ப்ராசஸர் எங்கே தூங்கும்?

"கையை எடுங்க, ஓதகார்."

"எடுத்தா நின்னுடும். அப்புறம் அவளுக்கு வாய் இல்ல."

"நின்னாத்தான் எனக்குப் பிடிபடும்."

"உங்களுக்கென்ன, நீங்கபாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க!"

கணினி பேசியது: "எடு ஓதகார். நான் சொல்றேன்ல."

எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கணினி நின்றது. மாட்டினாயா என்று ரதோவானுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அப்போதுதான் ஸ்லாவ்காவின் விரலைப் பார்த்தான். அது அழுத்திக்கொண்டே இருந்தது, திரை அசையவில்லை. தன் சந்தோஷம் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கணினியை மறுபடி கிளப்பி, கெர்னலில் ஒரு விதி சேர்த்தான்: இந்த ரக ப்ராசஸர் என்றால் அரைத் தூக்கத்தோடு நிறுத்து. ஆழத்துக்குப் போனால் பொத்தான் தட்டினாலும் அதற்கு எழத் தெரியாது. ப்ராசஸரின் நோய் தீரவில்லை, இது பத்தியம்தான்.

"பேட்டரி சீக்கிரம் தீரும். பரவாயில்லையா?"

"வயரைச் சொருகிட்டாப் போச்சு" என்றார் ஓதகார்.

"ஸ்லாவ்கா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அப்புறம் ஏதாவது பேசுங்க."

அவள் சும்மா இருந்தாள். முன்பு உறைந்த நேரம் கடந்தது. அதற்கு மேலும் இருந்தாள். ஓதகாரின் கை மௌஸ் பக்கம் போனது, ரதோவான் அதைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் வேர்த்தது. இதுவும் போச்சோ என்று நினைத்தபோது திரையில் ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று.

கணினி நிதானமாகச் சொன்னது: "பேசத் தோணல. உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் பார்க்க நல்லா இருந்துச்சு."

"கொழுப்பப் பாருங்க இவளுக்கு!" என்று ஓதகார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.