அக்காவின் பேச்சில் குறுக்கிட்டவர்கள்

ஒரே ஒரு சாக்பீஸ் துண்டு. அதை வாங்க மூன்று கைகள் ஒரே சமயத்தில் அக்காவை நோக்கி நீண்டன. ஒன்று வேதியியல் பேராசிரியருடையது. ஒன்று தாவரவியல் ஆய்வு மாணவருடையது. இன்னொன்று பெங்களூரிலிருந்து வந்திருந்த வானியல் அறிஞருடையது. ஊட்டியில் எங்கள் கல்லூரிக் கூடத்தில், பேசிக்கொண்டிருந்த ஒருத்தியை வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, கரும்பலகையில் தாங்கள் எழுத வேண்டும் என்று அவர்கள் துடித்தார்கள். முதல் வரிசையில் அமர்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அந்த எரிச்சல் மட்டும் இன்னும் அணையவில்லை.

அவள் என் பெரியம்மாவின் மகள். பெரியம்மாவுக்குச் சேரம்பாடியில் ஆசிரியை வேலை. அங்கிருந்து நாள்தோறும் ஊட்டிக்கு வந்துபோக இயலாது என்பதால், அக்கா குன்னூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். பாறையையும் மண்ணையும் ஆராயும் நிலவியல் அவளுடைய துறை, இயற்பியல் என்னுடையது. ஒரே அறை, ஒரே கம்பளி, ஒரே பேருந்து. ஆனால் மேடை மட்டும் எனக்கே உரியது. தேவாலயத்து இளைஞர் விழா தொடங்கி மாநிலப் பேச்சுப் போட்டி வரை நான் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் வரிசை கட்டி நின்றன. குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே உயர்த்துவது, எந்தச் சொல்லில் அவையை நிமிர வைப்பது என்பதையெல்லாம் நான் முறைப்படி கற்றவள். அக்காவோ, வருகைப்பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே இருமுறை தொண்டையைச் செருமுவாள்.

எங்கள் இருவருக்கும் நடுவே அப்போது ஓர் இடம் வந்து விழுந்தது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராயும் பெங்களூர்க் குழு ஒன்று, எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. வானியலார் மட்டும் கூடி முடிக்கும் வேலை அல்ல அது. நட்சத்திரத்தின் முன்னே கிரகம் கடக்கும்போது, கிரகத்தின் காற்றை ஊடுருவி வரும் ஒளியில் அங்குள்ள வாயுக்களின் சுவடு பதிகிறது. அந்தச் சுவட்டைப் படிக்க இயற்பியல் வேண்டும். வாயு எவ்வளவு காலம் சிதையாமல் இருக்கும் என்று கூற வேதியியல் வேண்டும். அது உயிரின் மூச்சா, பாறையின் கசிவா என்று பிரித்தறிய உயிரியலும் நிலவியலும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அவை முன் பேச வேண்டும், குழுவினர் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளி நாளிலிருந்தே நான் போக விரும்பிய இடம் அது. அக்காவும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்த அன்று நான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"வானத்துல எடம் புடிக்கறதுக்கு ஊட்டுக்குள்ளயே சண்டையாக்கும்" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் நான் பேசினேன். கையில் குறிப்பு இல்லை. நாவில் தடுமாற்றம் இல்லை. ஒளியில் தொடங்கி உயிரில் முடித்தேன். ஒவ்வொரு ஐயத்தையும் நானே எழுப்பி நானே தீர்த்தேன். எந்தக் கேள்விக்கும் இடைவெளி வைக்காத அந்தக் கட்டுக்கோப்பைக் குறை என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடம் அதிரக் கைதட்டினார்கள். வானியல் அறிஞர் எழுந்தே தட்டினார். "முழுசா முடிச்சுக் குடுத்துட்டீங்கம்மா, எங்களுக்கு வேலையே வைக்கல" என்றார். அதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது என்று மகிழ்ந்து என் இருக்கைக்குத் திரும்பினேன்.

அடுத்து அக்கா ஏறினாள். திறந்திருந்த சன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. "அந்தக் காத்துல மீத்தேன் இருந்தா, உசுரு இருக்குதுன்னு சொல்லத் தோணுமுங்க. ஆனா சில பாறையில தண்ணி பட்டாலே மீத்தேன் வருமுங்க. எவ்வளவு வரும்னு தோராயமாச் சொல்லுவேன். அது எவ்வளவு நாள் தங்கும்னு எனக்குத் தெரியாதுங்க, அதுக்கு..."

"நட்சத்திரத்தோட புற ஊதா ஒளி எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் சொல்றேன்" என்று வேதியியல் பேராசிரியர் எழுந்தார்.

"அந்த அளவு எங்ககிட்ட இருக்குதுங்க" என்று வானியலார் மேடையேறினார்.

"ஏனுங்க, கூடவே ஆக்சிஜனும் இருந்தா கதையே வேறயாச்சே!" என்று பின்வரிசையிலிருந்து தாவரவியல் மாணவர் ஓடி வந்தார்.

அக்கா தன் பேச்சை முடிக்கவே இல்லை. முடிக்க அவர்கள் விடவில்லை. எங்கள் போட்டிகளில் குறுக்கே பேசினால் மதிப்பெண் போகும். இங்கே குறுக்கே பேசிய மூவரும் அக்காவோடு சேர்ந்து நால்வராகிக் கரும்பலகையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிப்போகும் என்று பணியாளர் வந்து சொன்ன பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் வைத்திருந்த மேசையருகே நான் மட்டும் நின்றேன்.

இடம் அக்காவுக்குக் கிடைத்தது. குன்னூர்ப் பேருந்தில், "ஏ புள்ள, நீ பேசுனது எனக்கே நல்லாப் புரிஞ்சுது" என்றாள்.

"உனக்கும் புரியட்டும்னுதான் பேசுனேன்."

"அப்பறம் ஏன் எனக்குக் குடுத்தாங்க?"

"அத நீதான் சொல்லோணும்."

அருவங்காடு தாண்டும்வரை நான் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று நீலகிரியில் ஆண்டு விழா நடத்தும் எந்தப் பள்ளியும் என்னைத்தான் அழைக்கிறது. அக்கா பெங்களூரிலேயே இருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அவள் கைபேசியில் நான்கைந்து குரல்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு கிடக்கும். "இருங்க, இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே கெஞ்சுவாள். அந்தக் கெஞ்சலின் மீது எனக்குள்ள பொறாமை, அவளுடைய பதவியின் மீதுகூட இல்லை.

சென்ற டிசம்பரில் எங்கள் பங்கு ஆலய மண்டபத்தில் பிற உலகங்களைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் வரிசையில் அக்கா இருந்தாள். மீத்தேனைப் பற்றி ஒரு வரியை அரைகுறையாகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தினேன். 'இல்ல புள்ள, அது அப்படியில்ல' என்று அவள் எழுந்துவிடுவாள் என்று காத்தேன். பயிற்சி அனுமதிக்கும் இடைவெளியையும் தாண்டி, அவளையே பார்த்தபடி நின்றேன். அவள் நிமிர்ந்தாள்; முகம் பெருமிதத்தில் மலர்ந்தது; கைதட்டத் தொடங்கினாள். மண்டபம் முழுவதும் அவளைத் தொடர்ந்தது.

நான் இன்னும் முடித்திருக்கவில்லை.