அப்பா தேடிய கொள்ளு

ஜெர்மனியில் என் கைபேசிக்குக் கொள்ளு என்றால் சட்டை. ஆங்கில எழுத்தில் கே, ஓ, எல், எல், யு என்று தட்டினால் முழுக்கைச் சட்டைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. துருக்கி மொழியில் அந்தச் சொல்லுக்குக் ‘கை வைத்தது’ என்று பொருளாம். துருக்கியர் நிறையப் பேர் வாழும் இந்த ஊரில் பதினாறு வருடம் இருந்தும் எனக்கு அது தெரியாது. தெரியவைத்தவர், மூன்று மாதம் தங்கிப்போக வந்த என் அப்பா.

அம்மா இறந்தபின் அவரைப் போத்தனூர் வீட்டில் தனியே விட மனமில்லாமல் அழைத்து வந்திருந்தேன். எதைச் சமைத்தாலும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். கேட்டால், “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்பார். ஆனால் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது கையில் ஒரு பையோடு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை.

அப்பா ஆயுள் முழுக்க மோட்டார் வைண்டிங் வேலை செய்தவர். மோட்டார்களின் தகட்டில் பார்த்துப் பார்த்து ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பழக்கம். நான் கொடுத்திருந்த பழைய கைபேசியில் தமிழ் எழுத்து இல்லை. எனக்கே தமிழில் தட்டத் தெரியாது. அந்தக் கைபேசியில் ஆங்கில எழுத்தைக் கூட்டித் தேடியிருக்கிறார். வந்த சட்டைகளை விளம்பரம் என்று நினைத்து, தெருமுனைத் துருக்கி மளிகைக்காரரிடம் கைபேசியையே நீட்டியிருக்கிறார். அவர் வாசித்துவிட்டு, கையைப் பிடித்துப் பக்கத்துத் துணிக்கடைக்கே அழைத்துப் போய்விட்டார்.

“அவ்வளவு மரியாதையாக் கூட்டிட்டுப் போறாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது கண்ணு?”

“கடைக்கு எதுக்குங்கப்பா போனீங்க?”

சட்டையைப் பையில் மடித்து வைத்தார். “கொள்ளுப் பருப்பு திங்கோணும்னு இருந்துச்சு. நீ வேல முடிஞ்சு அலுத்துப்போய் வர்ற. உங்கிட்டச் சொல்லோணுமான்னு பாத்தேன்.”

போத்தனூரில் அம்மா வேகவைத்த கொள்ளைச் சீரகமும் பூண்டும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பாள். வழித்தெடுத்தபின் கல்லில் ஒட்டியிருப்பதில் ஒரு கரண்டி சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி உருட்டுவாள். முதல் உருண்டை அப்பாவுக்கு. நானும் தங்கையும் கை நீட்டிக்கொண்டு நிற்போம். அப்பா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கும் முன்பே கொடுக்க அம்மா இருந்தாள்.

அன்று இரவே அவர் கைபேசியைத் துழாவி, திரையில் விரலால் தமிழ் எழுதும் வசதியைக் கண்டுபிடித்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கரும்பலகை முன் நிற்பவர்போலக் ‘கொள்ளு’ என்று எழுதினார். செங்கல் நிறத்தில் கொள்ளு வந்தது. கீழே அதன் ஜெர்மன் பெயரும், இரண்டு ஊர் தள்ளியிருந்த ஈழத்தமிழர் கடையின் முகவரியும்.

“இதேதான்” என்றார்.

சனிக்கிழமை இருவரும் ரயிலேறிப் போய் வாங்கி வந்தோம். மிக்சியில்தான் அரைத்தேன். அம்மாவின் பக்குவம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. “இன்னும் கொஞ்சம் போடு அம்மணி” என்று அப்பா தட்டை நீட்டினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது அப்பா போத்தனூருக்கே குடிவந்துவிட்ட தங்கையோடு இருக்கிறார். விரலால் எழுதியே எல்லாவற்றையும் தேடுகிறார். நேற்றுக் காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அழைத்தார்.

“உங்கூர்ல மழைன்னு போட்டிருக்குது. குடை எடுத்துட்டுப் போ கண்ணு.”

ஜன்னலைப் பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. “ஆமாங்கப்பா, எங்கூர்ல மழைதானுங்க” என்றேன். சொன்ன பிறகுதான், இதுவரை போத்தனூரை மட்டுமே சொன்ன ‘எங்கூர்’ என்ற சொல்லை இந்த ஊருக்குச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. மறுமுனையில் அப்பாவுக்குப் பின்னால் போத்தனூர் ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போவதை, அது தேய்ந்து மறையும்வரை, இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.