நாற்பது வாட்டுக்குள் நாலு விளக்கு

அரசாங்கம் எங்கள் தெருவுக்குக் கொடுத்த மின் இணைப்புக்குப் பேரே 'ஒரு விளக்கு'தான். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு முழுக்கக் கூரை வீடுகள். வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, நாற்பது வாட். மீட்டர் கிடையாது, பில் கிடையாது. "நாங்கதான் குடுத்தோம்" என்று இரண்டு கரைவேட்டிக்காரர்களும் தேர்தலுக்குத் தேர்தல் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். யார் கொடுத்தால் என்ன, எரிந்தால் சரி.

ஒரு பல்பை வைத்துக்கொண்டு இரண்டு அறைக்கு வெளிச்சம் காட்ட வேண்டும். அதற்காக நடுச்சுவரின் உச்சியில் ஒரு முழத்துக்கு ஓட்டை விட்டு, அதில் பல்பைத் தொங்கவிடுவோம். அடுப்புப் பக்கம் பாதி, படுக்கிற பக்கம் பாதி. சாயங்காலம் வயல்களில் மோட்டார் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கி, பல்பு மெட்ராஸ் ஐ வந்த கண் மாதிரி சிவந்து நிற்கும்.

அந்த வருஷம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தைத் தாண்டிய முதல் ஆள். நெல் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, அந்த ஓட்டைக்கு நேராகப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிப்பாள். நான் குழம்பு தாளித்தால் புகை அவள் மூக்கில்தான் ஏறும். ஒருநாள் இருமிக்கொண்டே, "எனக்குப் பாஸ் மார்க்கு வந்தா போதும்மா" என்றாள். நெருப்பு மாதிரி படிக்கிற பெண், ஒரு பல்புக்காகத் தன் ஆசையைக் குறைத்துக்கொள்கிறாள்.

தை அறுப்பு முடிந்ததும் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குச் சீர்காழி போனேன். கடைத்தெருவில் ஒரு ஸ்வீட் ஸ்டாலில் விளக்கு பளீரென்று எரிந்தது. ஜாங்கிரியை விட்டுவிட்டு விளக்கையே அண்ணாந்து பார்த்தேன். முறுக்கு மாதிரி சுருண்ட வெள்ளைக் குழாய்.

"எத்தன வாட்டுங்க இது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"பதினொண்ணுதான்க்கா. குண்டு பல்பு அறுபதுக்குச் சமம். லோ வோல்டேஜுலயும் நின்னு எரியும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. நான் எட்டாவது வரை படித்தவள். வாய்ப்பாடு மட்டும் நன்றாக வரும். மூணு பதினொண்ணு முப்பத்திமூணு. அதோடு ஒரு அஞ்சு வாட் சேர்த்தால் முப்பத்தெட்டு. நாற்பதுக்கு இன்னும் இரண்டு மிச்சம். ஒரு விளக்கு எரிகிற கரண்டில் நாலு விளக்கு! பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

என் கணவர் பயந்த சுபாவம். "ஒரு விளக்குன்னுதானடி பேரு? நாலு போட்டா ஃபீஸ் கட்டையைப் புடுங்கிட்டுப் போயிடுவான்" என்றார்.

"பேருல என்ன இருக்கு? கரண்டு கார்டை எடுங்க" என்றேன். டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளை அட்டை வந்தது. மகள் படித்தாள். 'மின்பளு: 40 வாட்' என்று இருந்தது. விளக்கு எத்தனை என்று எங்கேயும் இல்லை. அடுத்த வாரமே நான் சீர்காழிக்குப் போய் நாலு பல்பையும் புடவையில் பொதிந்து மடியில் வைத்து எடுத்து வந்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒயர் இழுத்தார். அடுப்படியில் ஒன்று, மகள் படிக்க ஒன்று, வாசலில் ஒன்று. அஞ்சு வாட் கொல்லையில். முதல்முறை போட்டபோது எங்கள் சுவரில் இத்தனை கரி படிந்திருக்கிறதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மகள் நெல் மூட்டையை விட்டு இறங்கி, தரையில் பாய் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து படித்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பண்ணை வீடு. அடிமனை எங்களுடையது, கூரை மட்டும்தான் உங்களுடையது என்று என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் தெருவோடு மல்லுக்கு நின்ற வீடு. சங்கம் கூடி, கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் மனைப்பட்டா எங்கள் கைக்கு வந்தது. அது பண்ணைக்காரருக்கு இன்னும் செரிக்கவில்லை. நாலு விளக்கு எரிகிற குடிசையைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: கம்பியில் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறாள். கரண்டு ஆபீசுக்கு மனு போய்விட்டது.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் கரண்டு ஆபீஸ் ஜே.இ.யும் லைன்மேனும் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார்கள். உளுந்து பிடுங்கப் புறப்பட்ட பெண்கள் எல்லாரும் என் வாசலில் கூடிவிட்டார்கள். என் கணவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. ஆள் மாயம்.

லைன்மேன் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொக்கி இல்லை. உள்ளே வந்து எண்ணினார். "சார், நாலு சார். ஒரு விளக்கு சர்வீசு இது. ஃபீஸ் கட்டையைப் புடுங்கிடவா?" என்றார்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். ஆனால் அன்றைக்கு என் கண் ஃபீஸ் கட்டை மேலேயே இருந்தது. ஃபீஸ் கட்டை போனால் மகள் சிம்னி விளக்கில்தான் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். அதுவும் என் கெட்டிக்காரத்தனத்தால். அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி நாலு பல்பையும் கழற்றினேன். முறத்தில் வைத்து ஜே.இ. முன்னால் நீட்டினேன்.

"அடியில எழுதியிருக்கிறதைப் படிங்க சார்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "பதினொண்ணு. பதினொண்ணு. பதினொண்ணு. அஞ்சு."

"கூட்டுனா எவ்வளவு சார்?"

"முப்பத்தெட்டு."

"இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் பழைய நாப்பது வாட்டு குண்டு பல்பை மாட்டுறேன். அது சட்டப்படி சரியா?"

"அது சரிதாம்மா."

"அப்ப நாப்பது எரிச்சா சரி, முப்பத்தெட்டு எரிச்சா திருட்டா சார்?"

ஜே.இ. லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் கூரையைப் பார்த்தார். வாசலில் ஒருத்தி களுக்கென்று சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜே.இ.யும் சிரித்துவிட்டார். அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு பண்ணைக்காரரின் மனுவைத் தொடை மேல் வைத்து, 'மின்பளு வரம்புக்குள் உள்ளது, கொக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வெளிச்சத்தைப் பாத்துட்டு மனு போட்டிருக்காரு. வெளிச்சத்துக்கு ஏதும்மா ரூலு?" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். அவர்கள் வாய்க்கால் மதகைத் தாண்டிய பிறகுதான் என் கணவர் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, ஒண்ணும் ஆவாதுன்னு" என்றார்.

அன்று சாயங்காலம் நாலையும் போட்டேன். தேவையே இல்லாத கொல்லை விளக்கையும் சேர்த்துத்தான். அந்த மாதத்துக்குள் எங்கள் தெருவில் பாதி வீட்டில் முறுக்கு பல்பு எரிந்தது. கணக்குத் தெரியாதவர்களுக்கு என் மகள்தான் பதினொன்றையும் அஞ்சையும் கூட்டிக் கொடுத்தாள். பரீட்சையை அவள் ஜம்மென்று எழுதினாள்.

கோடையில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இன்னும் மோசம். பண்ணை வீட்டு டியூப் லைட்டெல்லாம் பொழுது சாய்ந்தால் கண்ணடித்துக்கொண்டே இருக்கும், எரியாது. ஒருநாள் சாயங்காலம் மதகில் நான் குடத்தோடு வரும்போது பண்ணைக்காரர் நின்றிருந்தார். என் மாமனாரை 'டா' போட்டவர். இருபது வருஷமாக என்னை 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டவர். தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பல்பு... எங்க வாங்குனீங்க?"

வாங்குனீங்க. அந்த 'ங்க'வைக் காதில் நன்றாக வாங்கிக்கொண்டேன். குடத்தை இடுப்பு மாற்றி வைத்தேன்.

"சீர்காழியிலங்க" என்றேன்.

கடை எது என்று சொல்லவில்லை. தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.