மராயில் சொல்ல வேண்டிய நான்கு வரிகள்

வகுப்போடு மராய்க்குப் போகவிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மராய் என்பது இந்த நாட்டின் ஆதிகுடிகளான மாவோரி மக்கள் கூடும் இடம். எங்களை இந்த வெள்ளிக்கிழமை ஓர் இரவு தங்கக் கூட்டி வந்தார்கள். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இது வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

எங்கள் பள்ளி இருக்கும் மாசி என்ற இடத்தில் இருந்து பஸ் காலை 9.10க்குப் புறப்பட்டது. கட்டணம் பன்னிரண்டு டொலர், சாப்பாடும் சேர்த்து. ஒடாஹுஹுவில் பத்து நிமிடம் நின்றோம். பிறகு விரி என்ற இடத்தில் அப்பா வேலை செய்யும் கிடங்கைக் கடந்தோம். நான் தலையைக் குனித்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. மொத்தம் முப்பத்தைந்து கிலோமீற்றர்.

முதலில் சில சொற்கள். கியா ஓரா என்றால் வணக்கம், நன்றிக்கும் அதுவே. காய் என்றால் சாப்பாடு. நம் காயோடு குழப்ப வேண்டாம், இறைச்சியும் காய்தான். இங்கே பேசும் ஆங்கிலத்தில் "ஸ்வீட் ஆஸ்" என்றால் பிரச்சினையில்லை. மராயைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை எல்லோரும் அன்ரி என்கிறார்கள். பக்கத்து மெத்தைக்காரி பெயர் அரோஹா, அன்பு என்று அர்த்தம். ஹவாயில் அலோஹா என்பதும் இதே சொல்தானாம். நான் தலையணையில் உட்கார்ந்தபோது அவள் ஆங்கிலத்தில் கத்தியே விட்டாள்: "எழும்பு! அது தலை வைக்கிற இடம்!"

மாலையில் ஒவ்வொருவரும் எழுந்து நான்கு வரி சொல்ல வேண்டும். என் மலை, என் ஆறு, என் வாகா, என் பெயர். வாகா என்றால் முன்னோர் வந்த படகு. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாகாவுக்குப் பதிலாகத் தாங்கள் வந்த வழியைச் சொன்னார்கள்.

"ஆர் கேட்டாலும், எப்பிடி வந்தனாங்கள் எண்டு கதைக்கக் கூடாது. விசா முடிவு வரட்டும். ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

என் முறை வந்தது. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆறும் இல்லை என்றேன்.

"அப்ப என்னதான் இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"கடல்" என்றேன்.

"சரி மகள், உன்ர வாகா?" என்றார் அன்ரி.

விமானம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்து எங்கிருந்து, யாரோடு என்று கேட்பார்களே. பொய் சொன்னால் அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். "அதை நான் இப்ப சொல்ல மாட்டன்" என்றேன். பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அன்ரி எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் பேசி முடித்தால் மற்றவர்கள் அவருக்காகப் பாடுவது இங்கே வழக்கம். எனக்கும் முழுப் பாட்டையும் பாடினார்கள். எனக்குச் சொற்கள் தெரியாததால் நான் மட்டும் சும்மா நின்றேன்.

வருகிறவர்கள் தடித்த போர்வையும் கழற்ற இலகுவான சப்பாத்தும் கொண்டுவாருங்கள். மூன்றாவது வரியை வீட்டிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால், சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம்.

விளக்கணைத்த பிறகு அரோஹா ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள்: "உன்ர வாகா அவ்வளவு பொல்லாததோ?"

"ஓம்" என்றேன், தமிழில். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அதனால்தான் சொன்னேன்.