பறக்காத விமானத்துக்கு ஒரு நிறம்

2009ஆம் ஆண்டு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு நான் என் மாமாவின் போர்விமானத்தைப் பார்த்துச் சிரித்தேன். எல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா மஸ்கட்டில் இருந்தார். அம்மாவும் நானும் இரணியலில், அம்மாவின் தம்பியான மாமாவோடு இருந்தோம். மாமா தக்கலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா அவருக்குப் பிளாஸ்டிக் விமான மாதிரிப் பெட்டிகள் வாங்கிவருவார். பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப்போல மாமா ஒருநாளும் எதையும் செய்ததில்லை. ஒரு பெட்டியின் உடலோடு இன்னொரு பெட்டியின் இறக்கையை ஒட்டி, இடைவெளியைப் பட்டிப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, உலகத்தில் எங்குமே இல்லாத விமானம் ஒன்றை உண்டாக்குவார். பிறகு, அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பார்.

இரண்டாம் உலகப் போரின்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கென்று சொந்தமாக ஒரு விமானந்தாங்கிக் கப்பல் இருந்திருந்தால், அதிலிருந்து எந்த விமானம் எழும்பியிருக்கும்? அந்த ஆண்டு அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட கணக்கு இது. விடை, ஒரு சாண் நீளத்தில் ஒற்றை இருக்கை கொண்ட விமானம். இறக்கைகளில் வட்டத்துக்குள் வெள்ளைச் சங்கு. கப்பல் குளச்சலில் நங்கூரமிட்டு நிற்கும் என்பதுவரை முடிவாகியிருந்தது. அது யாரைச் சுட்டது என்று நான் கேட்டபோது மாமா சற்றே சங்கடப்பட்டார். “சுடல்லாம் இல்ல மக்களே. சும்மா ரோந்து போவும்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை அதற்கு முதல் பூச்சு அடித்து முற்றத்தில் காயவைத்திருந்தார். கடலின் மேல் பறக்கும்போது எதிரியின் கண்ணில் படாதிருக்க, நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம் வேண்டும். ஆனால் வெயிலில் உட்கார்ந்திருந்ததோ வேறொன்று.

“மாமா, இது ரோஸ் கலராட்டுல்லா இருக்கு!”

“ரோஸா?” மாமா விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எங்க மிஸ்ஸுக்க சாரி மாதிரி.”

அவரும் சிரித்தார். எதிரி சிரித்தே விழுந்திருப்பான் என்றார். பிறகு துணியைத் தின்னரில் நனைத்து, பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்தார். “இனி நீ சொல்லு. நான் கலக்குதேன்.”

மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. கல்லூரி முடித்ததும் கடற்படை அதிகாரித் தேர்வில் வென்றவரை மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொன்னார்களாம். வேறெங்கும் ஓர் எண்ணைத் தவறவிடாத மனிதருக்கு அந்தப் புள்ளிகளுக்குள் மட்டும் எண்ணே தென்படவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் மாலைகளில் நான் நிறங்களுக்குச் சொல் தேடினேன். “பச்சை போதாது” என்று சொன்னால் மாமா விடமாட்டார். எதைப்போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வாழைத்தண்டின் உட்புறம்போல, மழைக்கு முன் ஸ்டேஷன் கூரைபோல, பழைய சிலேட்டுபோல என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு துளியாகச் சேர்த்தார். ஒருநாள் முட்டம் பாறைகளுக்கு அப்பால் தெரியும் ஆழக்கடலின் நிறம் கிண்ணத்தில் வந்தது. நான் “நிறுத்து” என்று கத்தினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா அவரைப் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களிலும் அம்மா கண் விஷயத்தை மறைத்தாள்; யாரோ போய்ச் சொல்லி இரண்டும் கலைந்தன. மாமா அவற்றுக்காக வருந்தியதாக எனக்கு நினைவில்லை. இந்தப் பெண்ணை அவர் சபைப் பாடகர் குழுவில் பார்த்திருந்தார். அன்று காலை தன் சட்டை என்ன நிறம் என்று என்னிடம் இருமுறை கேட்டார்.

அம்மா சமையலறையில் முந்திரிக்கொத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டே என்னை எச்சரித்தாள். “ஏட்டி, மாமாக்க கண்ணப் பத்தி நீ வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?”

“பிள்ளைய ஏங்க்கா மெரட்டுத?” என்றார் மாமா.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதுலே. கண்ணுல கொறன்னு ஒருத்தன் சொன்னா போரும். நீ கம்பு ஊணி நடக்கதாட்டு ஊரு முழுக்கச் சொல்லிருவானுவ.”

வந்தவர் கடற்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாற்காலியில் அமர்வதற்குள்ளாகவே அலமாரியில் இருந்த விமானம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“இப்பிடி ஒரு விமானம் கெடையாதே தம்பி.”

“கெடையாது சார். இருந்திருந்தா இப்பிடி இருந்திருக்கும்.”

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கப்பலுக்க அடித்தட்டுல எறக்கணும்னா செறகு மடங்கணுமே?”

மாமா ஒரு விரலால் அழுத்தினார். சங்கு வரைந்த இரு இறக்கைகளும் மேல்நோக்கி மடங்கின. பெரியவர் உரக்கச் சிரித்துவிட்டார். அதன்பின் இருவரும் பெண்ணை மறந்து, மாப்பிள்ளையை மறந்து, கப்பல் தளத்தில் விமானத்தை இழுத்து நிறுத்தும் கொக்கியைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவின் முகத்தில் பல மாதங்களாக நான் காணாத நிம்மதி இருந்தது.

“பெயின்ட்டுதான் பிரமாதம்” என்றார் அவர். “இந்தக் கலரு அமையது கஷ்டமாக்கும்.”

“அவனுக்கு அதெல்லாம் கைவந்த வேல” என்றாள் அம்மா அவசரமாக.

மாமா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். “இல்ல சார். கலரு இவ சொன்னது. எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. நேவி மெடிக்கல்ல திருப்பி விட்டது அதுக்குத்தான்.”

பெரியவர் விமானத்தின் இறக்கைகளை விரித்து, இரு கைகளாலும் முன்பிருந்த இடத்திலேயே வைத்தார். தேநீரை மீதமில்லாமல் குடித்தார். “வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்” என்று அம்மாவிடம் சொல்லி எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பிய மாமாவின் தோளை ஒருமுறை தொட்டார். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு எல்லாமே தெளிவாகப் புரிந்திருந்தது. சிறகு மடங்கியபோது அவர் சிரித்தார். கொக்கியைப் பற்றிப் பேசும்போதும் சிரித்தார். நிறத்தை நான்தான் சொன்னேன் என்று தெரிந்த பிறகே அவர் முகம் மாறியது. எனவே பிழை நிறத்தில் இருந்தது. கடற்படையில் இருந்தவருக்குக் கடலின் நிறம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தாம் விரும்பிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதை விலக்கிவிடக்கூடிய ஓர் உண்மையை ஒருவர் தாமாகவே சொல்லக்கூடும் என்பது அந்த வயதின் கணக்கில் வரவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும் முற்றத்தில் கிண்ணத்தையும் வர்ணப் புட்டிகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா பல்துலக்கியபடி வந்து பார்த்தார்.

“என்ன மக்களே செய்யுத?”

“கலரு தப்பாப் போச்சு மாமா. மாத்தி அடிப்போம். பொறவு அவரத் திரும்ப வரச் சொல்லு.”

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“செரி. சொல்லு, எதைப் போடணும்?”

நான் பச்சைப் புட்டியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.